பவுர்ணமி மைக்

ஆதிலட்சுமியின் கைக்கு மைக் வந்தது தற்செயலாகத்தான். 2014-ஆம் வருஷத்துக் கார்த்திகை தீபத்தன்று, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஊர்க்காரர்கள் ஓர் உதவி மையம் போட்டிருந்தார்கள். தகரக் கொட்டகை, இரண்டு மேசை, சவுண்ட் சர்வீஸ் நடத்தும் சக்கரவர்த்தி கொண்டுவந்து வைத்த மைக் செட். பாதை நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். காணாமல் போனவர்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. சுற்றிலும் நாலைந்து குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஆதிலட்சுமி, குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவள், மைக்கை வாங்கிப் பேச ஆரம்பித்தாள். இருநூறு பிள்ளைகளைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்திப் பழகிய குரல். அன்று பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு பேரைச் சேர்த்துவைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு பவுர்ணமிக்கும் அவள்தான். "எங்கிருந்தாலும் உடனடியாக ஆதி அண்ணாமலையார் கோயில் எதிரில் உள்ள உதவி மையத்துக்கு வரவும்" என்று அவள் சொல்லும்போது, 'உடனடியாக' என்பதில் ஓர் அழுத்தம் இருக்கும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் நிமிர்ந்து பார்த்து, "பவுர்ணமி அக்காதானே" என்பார். ஊரில் சின்னது பெரியது எல்லாம் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டன. அவள் கணவர் கோதண்டராமன் சாமந்தி பயிர் செய்கிறவர், அதிகம் பேசாதவர். அவரும் யாராவது விசாரித்தால், "மைக்ல பேசுவாங்களே, அவங்க வூட்டுக்காரன்" என்று சொல்லிக்கொள்வார். ஆதிலட்சுமிக்கு அது நிறைவாக இருந்தது. வேறெதையும் அவள் கேட்கவில்லை.

ஏழெட்டு வருஷத்தில் பாதை மாறிப்போனது. முன்பெல்லாம் விழுப்புரம், வேலூர், சேலம் என்று வந்த கூட்டத்தோடு இப்போது நெல்லூர், கர்னூல், ஐதராபாத், பெல்லாரி என்று வேன்கள் வரத் தொடங்கின. செல்போனில் யாரோ பேசிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வடக்கிலிருந்தும் வந்தார்கள். பஜ்ஜிக் கடை டிபன் சென்டர் ஆனது. அதன் போர்டில் மேலே தெலுங்கு, நடுவில் இங்கிலீஷ், அடியில் சின்னதாகத் தமிழ். கோதண்டராமனின் பங்காளிகள் நிலத்தில் பாதியை விற்று மீதியில் ரூம் கட்டினார்கள். பவுர்ணமி மட்டுமில்லை, சனி ஞாயிறு என்றாலே பாதை நிறைந்தது.

ஆதிலட்சுமி அதையெல்லாம் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் அவள் பேசும்போது கூட்டம் ஒரு கணம் நின்று தலையைத் தூக்கும். இப்போது நடந்துகொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் வருவது தங்களுக்கில்லை என்று தெரிந்தவர்களைப் போல அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சிந்துஜா வந்தாள்.

அடுத்த தெருவில் வேன் ஓட்டும் செழியனின் மனைவி. சித்தூர் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலையில் இருந்தவள். தெலுங்கு தாய்மொழி, கன்னடமும் இந்தியும் வேலையில் பழகியது, தமிழ் இங்கே வந்து கற்றது. 2022 சித்திரைப் பவுர்ணமிக்குச் சக்கரவர்த்தி அவளைக் கொட்டகைக்கு அழைத்துவந்தார்.

"நீ தமிழ்ல சொல்லுக்கா, அதையே இந்தப் பொண்ணு மத்ததுல சொல்லும். உனக்கும் வேல கம்மி," என்றார்.

"எனக்கு வேல ஜாஸ்தின்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள் ஆதிலட்சுமி. சக்கரவர்த்தி அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்.

சிந்துஜா பேசியதும் கூட்டம் நின்றது. தலைகள் நிமிர்ந்தன. ஆதிலட்சுமி அதைத் தன் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று கணவரிடம் சொன்னாள்.

முதல் வருஷம் தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவளுக்கே பெயர் தெரியவில்லை. சிந்துஜாவின் தமிழில் பிழை தேட ஆரம்பித்தாள். "கெழவரு காணோம்னு சொல்லாதம்மா, பெரியவர்னு சொல்லணும்," என்று நாலு பேர் இருக்கும்போது திருத்தினாள். சிந்துஜா தலையாட்டிவிட்டு அடுத்த முறை சரியாகச் சொன்னாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சிந்துஜாவின் மகள் இனியாவுக்கு மூன்றாவது பிறந்தநாள் என்று வீடு வீடாகக் கூப்பிட்டபோது, ஆதிலட்சுமி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். கொடுத்தனுப்பிய கேக்கை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

பிறகு அந்த வீடியோ வந்தது. யாரோ ஒரு பக்தர் கொட்டகையின் முன்னே நின்று, சிந்துஜா நாலு மொழியில் மாறி மாறி அறிவிப்பதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் சிந்துஜாவின் பக்கத்தில் ஒரு முழங்கை தெரிந்தது, கண்ணாடி வளையல் போட்ட முழங்கை. அது ஆதிலட்சுமியுடையது. சமையல் கூடத்தில் பருப்பு வேகும் நேரத்தில் அவள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நெஞ்சு காந்தியது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த குடியரசு தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளை ஆடவைக்கத் திருவண்ணாமலையில் கொடியேற்றும் மைதானத்துக்கு வாத்தியார்கள் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆதிலட்சுமியும் போனாள். காஷ்மீர் உடுப்பில் நாலு பேர், பஞ்சாபித் தலைப்பாகையில் நாலு பேர், மராட்டிச் சேலையில் நாலு பேர் என்று பிள்ளைகள் வரிசையாக நிற்க, அவர்களுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவளின் காதில் அந்தப் பெயர் விழுந்தது.

"பாரதத்தின் பல மொழிகளையும் ஒரே குரலில் இணைக்கும் தன்னார்வலர், அடி அண்ணாமலை, திருமதி சிந்துஜா செழியன்."

பச்சைப் பட்டில் சிந்துஜா மேடையேறிச் சான்றிதழ் வாங்கினாள். மைதானம் கைதட்டியது. ஆதிலட்சுமி ஊக்கைத் தன் விரலில் குத்திக்கொண்டாள். எட்டு வருஷமாக மழையிலும் பனியிலும் தொண்டை கிழியக் கத்தியவள் தான். தன் குரலில் பாரதம் இல்லை போலும். வெறும் தமிழ்தானே அதில் இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு காரியம் செய்தாள். யாருக்கும் தெரியாமல் தெலுங்கு கற்க ஆரம்பித்தாள். செல்போனில் பாடம் கேட்டாள். டிபன் சென்டரில் சாமான் வாங்கப் போகிற சாக்கில் நின்று யாத்ரீகர்கள் பேசுவதைக் கேட்டாள். ஒரு வருஷத்தில் பெரும்பாலும் புரிந்தது. வாய் திறக்கத்தான் கூச்சம். தப்பாகச் சொல்லி சிந்துஜா திருத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் சித்திரைப் பவுர்ணமி வந்தது. மலைக்கே காய்ச்சல் கண்டது போன்ற வெயில். சாயங்காலம் ஐந்தரைக்குச் சிந்துஜா எழுந்து, "பாப்பாவுக்கு உடம்பு சுடுதாம்க்கா, மருந்து குடுத்துட்டு வந்துடறேன். ஏதாச்சும்னா ஒரு போன் போடுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தோளில் இரண்டு பை. தன் பெயர் சுப்பாராயுடு, நந்தியாலிலிருந்து வருவதாகவும், மனைவி வெங்கடரத்னம்மாவைக் காணவில்லை என்றும், அவள் போனும் காசும் செருப்பும் இந்தப் பையில்தான் இருக்கின்றன என்றும் தெலுங்கில் சொன்னார். நீலச் சேலை. சர்க்கரை வியாதி. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஆதிலட்சுமிக்குப் புரிந்தது.

மைக்கை வெளியாட்களிடம் கொடுப்பதில்லை என்பது உதவி மையத்தை நடத்தும் ஊர்க் கமிட்டியின் கட்டுப்பாடு. ஒருமுறை ஒருவர் வாங்கிக் கட்சிக் கூட்டம் போலப் பேச ஆரம்பித்ததிலிருந்து அப்படி. ஆகவே தெலுங்கில் அறிவிக்க வேண்டுமென்றால் சிந்துஜாவைக் கூப்பிட வேண்டும். அவள் வீடு இரண்டு நிமிஷ நடை. போன் மேசைமேல் இருந்தது.

ஆதிலட்சுமி போனை எடுக்கவில்லை. பெரியவரை நாற்காலியில் உட்காரும்படி கை காட்டினாள். சீட்டில் விவரம் எழுதினாள். மைக்கை எடுத்து, தமிழில், தன் பழைய குரலில் மூன்று முறை சொன்னாள். "நந்தியாலிலிருந்து வந்துள்ள வெங்கடரத்னம்மா, எங்கிருந்தாலும் உடனடியாக..." இந்த ஒரு ஆளை என் குரல் கூட்டிவரட்டும் என்று நினைத்தாள். இந்த ஒரு தடவை.

யாரும் வரவில்லை. பெரியவருக்கு உட்கார முடியவில்லை. பைகளை அங்கேயே வைத்துவிட்டுத் தேடப் போனார். ஆறே காலுக்குச் சிந்துஜா திரும்பினாள்.

"எதுனா இருக்காக்கா?"

சீட்டு ரிஜிஸ்டருக்கு அடியில் இருந்தது. ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல," என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அது அவள் வாயில் தயாராக இருந்தது. அதுதான் பின்னால் அவளைப் பயமுறுத்தியது.

ஏழு மணிக்குப் பெரியவர் திரும்பி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இப்போது அவர் நேரே சிந்துஜாவிடம் போய், "அம்மா, இங்கா ராலேதா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லையா என்று. சிந்துஜா விழித்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் ரிஜிஸ்டரைத் தூக்கினாள். சீட்டை எடுத்துப் படித்தாள். ஆதிலட்சுமியை ஒரு முறை பார்த்தாள். பிறகு மைக்கை எடுத்துத் தெலுங்கில், நிதானமாக, கோயில் எந்தப் பக்கம், கொட்டகை என்ன நிறம், கணவர் இங்கே பத்திரமாக இருக்கிறார் என்று எல்லாம் சொன்னாள்.

நாலு நிமிஷத்தில் வெங்கடரத்னம்மா வந்துவிட்டாள். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்திருக்கிறாள். வெறுங்காலில் சூட்டுத் தார் ரோட்டில் நடந்ததில் பாதம் கொப்புளித்திருந்தது. கணவரின் மார்பில் இரண்டு கையாலும் அடித்து அழுதாள். அழுகைக்கு நடுவே சொன்னது ஆதிலட்சுமிக்குப் புரிந்தது. மைக்கில் தன் பெயரைக் கேட்டாளாம். பெயர் மட்டும்தான் தெரிந்ததாம். எங்கே வரச் சொல்கிறார்கள், ஏன் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. எல்லாக் கம்பத்திலிருந்தும் தன் பெயர் கேட்கவே, கணவர் எங்கோ விழுந்து செத்துவிட்டார், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒன்றேகால் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தாளாம்.

ஆதிலட்சுமி கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள்.

சிந்துஜா அன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சக்கரவர்த்தி தெருவில் வழக்கம்போல "இன்னாக்கா" என்று சிரித்துக்கொண்டு போனார். சிந்துஜா காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இவ்வளவு பெரிய மனசும் அவளுக்கே இருக்க வேண்டுமா என்று ஆதிலட்சுமிக்கு அதிலும் பொறாமை வந்தது. அடுத்த பவுர்ணமிக்கு உடம்பு சரியில்லை என்று போகவில்லை. வீட்டுக்குள் படுத்தபடி சிந்துஜாவின் குரலை எல்லாக் கம்பத்திலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு சிந்துஜா வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. சிந்துஜா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று ஆதிலட்சுமி நேராகக் கேட்டாள்.

சிந்துஜா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "சொல்லணும்னுதான் இருந்துது. சொன்னா யாரு நம்புவாங்க?"

"சீட்டு இருந்துதே."

"நானே எழுதி வெச்சேன்னு சொல்வாங்க. எட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கறேன். இன்னும் ஆந்திரா பொண்ணு. சான்றிதழ் வாங்கினேனே, அன்னிக்கு ராத்திரி என் மாமியார் இன்னா கேட்டாங்க தெரியுமா? பவுர்ணமி அக்கா இருக்கும்போது உனுக்கு எப்புடி குடுத்தாங்கன்னு கேட்டாங்க. உங்கள எல்லாரும் அக்கான்றாங்க. நீங்க தும்மினா நாலு பேர் வந்து நிக்கறாங்க. போன பவுர்ணமிக்கு நீங்க வரலன்னு இருபது பேராச்சும் என்கிட்ட கேட்டிருப்பாங்க. ஒருத்தர்கூட என் கொழந்த உடம்பு எப்புடி இருக்குதுன்னு கேக்கல." அவள் குரல் உடையவில்லை. கோபமாகத்தான் இருந்தது. "உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியும்க்கா. உண்மையத்தான் சொல்றேன்."

தன்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரியும் என்று ஆதிலட்சுமி நினைத்ததே இல்லை. "நான் கமிட்டில சொல்லிடறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வராந்தாவில் கமிட்டி கூடியது. பன்னிரண்டு பேர். சிந்துஜா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமி எழுந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தெலுங்கு புரிந்தது, போன் பக்கத்தில் இருந்தது, கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சொன்னது, எல்லாம். பொறாமையால்தான் செய்தேன் என்ற வார்த்தையையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தாள்.

சக்கரவர்த்தி தொண்டையைச் செருமினார். "விடுக்கா. கூட்டத்துல எதுனா நடக்கறதுதான். அந்தம்மா கெடச்சுட்டாங்க இல்ல? யாருமே கேக்காத விஷயத்த நீயா வந்து சொல்ற பாரு, அந்த மனசு யாருக்கு வரும்."

"ஆமா, அக்கா மாதிரி ஒரு ஆளு ஜில்லாவுலயே கெடையாது," என்றார் இன்னொருவர். ஒருவர் கைகூடத் தட்டினார்.

சிந்துஜா எழுந்து வெளியே போய்விட்டாள். ஆதிலட்சுமி பின்னாலேயே ஓடினாள். பள்ளிக்கூட கேட் பக்கத்தில் பிடித்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் சிந்துஜா. கண் சிவந்திருந்தது. "தப்பும் நீங்க பண்ணீங்க. நல்ல பேரும் உங்களுக்கே."

ஆதிலட்சுமி அந்த இடத்தில்தான் உண்மையாகக் கூனிப்போனாள். உள்ளே கைதட்டல் கேட்டபோது தன் மனசுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி பரவியதை அவள் உணர்ந்திருந்தாள். இவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"இனிமே மைக்கத் தொட மாட்டேன்மா."

"வேணாம். நீங்க வரலன்னா நான் தொரத்திட்டேன்னு சொல்வாங்க. அந்தப் பழியும் எனக்கு வேணாம்." சிந்துஜா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உங்கள யாராச்சும் ஒருத்தராவது திட்டணும்க்கா. இந்த ஊர்ல யாரும் திட்ட மாட்டாங்க. அந்தம்மா நம்பர் ரிஜிஸ்டர்ல இருக்குது. போன் பண்ணி நீங்களே சொல்லுங்க. தெலுங்குலயே."

திங்கட்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் நேரத்தில், சமையல் கூடத்துப் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆதிலட்சுமி நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள் சிந்துஜா. பெரியவர் எடுத்து, மனைவியிடம் கொடுத்தார்.

ஆதிலட்சுமி தன் வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொருவரிடம் தெலுங்கு பேசினாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக விழுந்தன. 'மன்னிச்சுடுங்க' என்பதற்கு ஒரு வார்த்தை, 'வேணும்னே செஞ்சேன்' என்பதற்கு இன்னொரு வார்த்தை, இரண்டையும் எழுதி வைத்திருந்தாள். தப்பு வந்த இடத்தில் சிந்துஜா திருத்தவில்லை. வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டு முடித்ததும் வெங்கடரத்னம்மா ஆரம்பித்தாள். அண்ணாமலையார் வாசலில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்றாள். உன் புருஷன் செத்தான் என்று நீ ஒன்றேகால் மணி நேரம் நினைத்துப் பார் என்றாள். கால் ஆற ஒரு மாசம் ஆனது, சர்க்கரைக்காரி கால் என்று உனக்குத் தெரியுமல்லவா என்றாள். அதற்கு மேல் வேகம் கூடிவிட்டது. ஆதிலட்சுமிக்குப் பாதி புரியவில்லை. புரியாததும் திட்டுதான் என்று தெரிந்தது. போனைக் கீழே வைக்காமல், "அவுனம்மா, அவுனம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம்மா, ஆமாம்மா என்று. கண்ணிலிருந்து நீர் ஓடியது. பல மாசமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ கரைவதைப் போலவும் இருந்தது.

திட்டி ஓய்ந்த வெங்கடரத்னம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு, அன்றைக்குத் தன்னைக் கூப்பிட்டாளே, அந்தப் பொண்ணு இருக்கிறாளா என்று கேட்டாள். ஆதிலட்சுமி போனை நீட்டினாள்.

சிந்துஜா வாங்கிக்கொண்டு இறங்கி, புங்க மரத்து நிழலுக்குப் போனாள். எந்த ஊர், யார் மகள், பாப்பாவுக்கு எத்தனை வயசு என்று பேச்சு வளர்ந்தது. சிந்துஜா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஆதிலட்சுமி பார்த்ததில்லை. பத்து நிமிஷம் ஆகியும் பேச்சு முடியவில்லை.

படியில் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமிக்கு மறுபடியும் அந்தக் காந்தல் நெஞ்சில் ஏறியது. அவளுக்கு வியப்பாக இல்லை. இது சீக்கிரம் போகிற வியாதி இல்லை என்று இப்போது தெரிந்திருந்தது. அடுத்த பவுர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம். அன்றைக்கும் வரும். வந்தாலும் கொட்டகைக்குப் போக வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும்.

அவள் எழுந்து உள்ளே போனாள். மறுநாளைக்கான கொண்டைக்கடலையை அளந்து பாத்திரத்தில் போட்டு, ஊற வைக்கத் தண்ணீர் ஊற்றினாள்.